மனம் வரும்வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள்

“எழுத்து தானாக வரவேண்டும். நேரம் குறித்து உட்கார்ந்து எழுதினால் அது கணக்கு எழுதுகிற வேலை, படைப்பு அல்ல.” திருகோணமலையில் எந்த நூல் வெளியீட்டுக்குப் போனாலும் இந்தப் பேச்சின் ஏதோ ஒரு வடிவம் காதில் விழும். வாழ்த்துரை வழங்குபவர் சொல்வார். சில வேளை நூலாசிரியரே ஏற்புரையில் சொல்வார். சபை தலையாட்டும். பின்வரிசையில் இருக்கும் பதினேழு வயதுப் பிள்ளையும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்க் காத்திருக்கத் தொடங்கும். பத்து வருடம் கழித்து அதே பிள்ளையைக் கச்சேரியிலோ வங்கியிலோ கண்டு விசாரித்தால், “அப்ப கொஞ்சம் எழுதினனான், பிறகு வரேல்லை” என்று பதில் வரும். காத்திரு என்று நாம் சொன்னோம், அது காத்திருந்தது. குற்றம் பிள்ளையுடையது அல்ல.

மறுக்கும் முன்பு அந்தக் கருத்தை அதன் முழுப் பலத்தோடு சொல்லிவிட வேண்டும். அதை நம்புகிறவர்கள் நான்கு காரணம் காட்டுகிறார்கள். படைப்பு அனுபவத்தின் நெருக்குதலால் பிறப்பது, மணிக்கூட்டால் அல்ல என்பது முதலாவது. தினமும் எழுதுகிறவன் பக்கங்களைக் குவிப்பான், ஆழத்தை இழப்பான் என்பது இரண்டாவது. இந்த மாவட்டம் பட்ட பாட்டுக்குப் பிறகு இங்கே எழுதியவர்கள் எழுதாமல் இருக்க முடியாததால் எழுதினார்கள், அவர்களிடம் போய் ‘மகிழ்ச்சியான எழுத்துப் பழக்கம்’ என்று பேசுவது இழப்பையே அறியாதவர்களின் பேச்சு என்பது மூன்றாவது. உழைத்துச் சாப்பிடுகிறவனுக்குத் தினசரி ஒழுங்கு கட்டுபடியாகாது, அது ஓய்வுள்ளவர்களின் ஆடம்பரம் என்பது நான்காவது. இந்த நான்குக்கும் பின்னால், பெயர் சொல்லியும் சொல்லாமலும் ஒரு சாட்சி நிற்கிறார்: இந்த ஊரில் பிறந்த பிரமிள்.

இதைச் சொல்கிறவர்கள் நல்ல வாசகர்கள். பலர் நல்ல எழுத்தாளர்களும்கூட. ஆனாலும் நான்கும் பிழை. நான்காவது பிழை மட்டுமல்ல, அநியாயமும் ஆகும்.

1. சாட்சியிலிருந்தே தொடங்குவோம்

பிரமிளைக் காட்டி ஒழுங்கை மறுக்கிறவர்கள் பிரமிளின் வாழ்க்கையைப் பார்க்கிறார்கள், அவர் எழுதிய அளவைப் பார்ப்பதில்லை. 1939இல் திருகோணமலையில் பிறந்தவர். நிலையான உத்தியோகம் இல்லை, குடும்பம் இல்லை, எண்சோதிடம் பார்த்துப் பெயரை மாற்றிக்கொண்டே இருந்தார், பிற்காலத்தைத் தமிழ்நாட்டில் வறுமையில் கழித்து 1997இல் இறந்தார். இந்தச் சித்திரம் நமக்குப் பிடித்துப்போய்விட்டது. மின்னல்போல் வந்த கவிஞன் என்கிறோம். மின்னலுக்கு அட்டவணை உண்டா என்று கேட்கிறோம்.

ஆனால் நடந்தது என்ன? சி. சு. செல்லப்பா ‘எழுத்து’ மாத இதழை 1959இல் சென்னையில் தொடங்கினார். இருபது வயதை எட்டியிருந்த பிரமிள், அப்போது தருமு சிவராமு என்ற பெயரில், திருகோணமலையில் இருந்தபடியே அதற்குக் கவிதையும் விமர்சனமும் அனுப்பத் தொடங்கினார். கடல் கடந்து தபாலில் போக வேண்டும், மாதா மாதம் இதழ் வரும். அந்த வயதில் அவர் எழுதிய விமர்சனக் கட்டுரைகளை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். படித்து, குறிப்பெடுத்து, யோசித்து, திருப்பி எழுதாமல் அப்படி ஒரு கட்டுரை எந்தக் கையிலிருந்தும் வராது. பின்பு கவிதைத் தொகுப்புகள் வந்தன: ‘கண்ணாடியுள்ளிருந்து’ 1972இல், ‘கைப்பிடியளவு கடல்’ 1976இல், ‘மேல்நோக்கிய பயணம்’ 1980இல். இடையிடையே கதை, குறுநாவல், நாடகம், மொழிபெயர்ப்பு, ஓவியம், ஓயாத இலக்கியச் சண்டைகள், 1984இல் இலங்கை இனப்பிரச்சினை பற்றி ஒரு நூல். இறந்த பிறகு அவர் படைப்புகள் ஆறு தொகுதிகளாகத் திரட்டப்பட்டன. காத்திருந்த மனிதன் ஆறு தொகுதி விட்டுப் போவதில்லை. அவருக்கு இல்லாமல் போனது சம்பளமும் வீடும்தான். உழைப்பு இல்லை என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. அவரது வறுமையை அவரது முறை என்று நினைத்துக்கொண்டோம். ஒரு தலைமுறை இளைஞர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது தாடியையும் கோபத்தையும். எடுத்திருக்க வேண்டியது மேசையை.

2. பாட்டுக்காரனிடம் ஏன் இதைச் சொல்வதில்லை?

கோணேசர் கோயிலில் விடியற்காலைப் பூசைக்கு மணி அடிக்கிறது. நேரத்துக்கு அடிக்கிறது. அதனால் பக்தி குறைந்துவிட்டது என்று எந்த அடியாரும் முறையிட்டதில்லை. திருவிழாவில் நாதஸ்வரம் வாசிக்க வருகிறவர் வீட்டில் தினமும் சாதகம் செய்கிறவர் என்பதைப் பெருமையாகச் சொல்கிறோம். சாதகம் செய்யாத வித்துவான் ஒருவர், “எனக்கு ராகம் தானாக வரும்போது மட்டும் வாசிப்பேன்” என்று சொன்னால், அடுத்த திருவிழாவுக்கு அவரை யாரும் அழைக்க மாட்டார்கள்.

மொழியால் செய்கிற கலைக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? பேசத் தெரிந்த எல்லோருக்கும் எழுத வரும் என்ற எண்ணம் நம் மனதுக்குள் இருப்பதால்தான். எழுத்தில் கற்றுக்கொள்ள வேண்டிய கைவேலை எதுவும் இல்லை, அருள் இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். அருளைப் புகழ்வதுபோல் தோன்றுகிற இந்தப் பேச்சு, உண்மையில் எழுத்தைக் கைத்திறன் என்ற நிலையிலிருந்தே கீழே இறக்குகிறது.

3. தினமும் எழுதினால் ஆழம் போய்விடுமா?

ஆனந்தரங்கப் பிள்ளை புதுச்சேரியில் வியாபாரி, பிரெஞ்சுக்காரரின் துபாஷி. வேலை தலைக்கு மேல் இருந்தது. 1736இல் தொடங்கி 1761இல் சாகும் வரை நாட்குறிப்பு எழுதினார். அன்று கப்பலில் என்ன வந்தது, கவர்னர் வீட்டில் யார் யாரோடு மனஸ்தாபம், ஊரில் என்ன வதந்தி என்று எழுதிக்கொண்டே போனார். படைப்பு என்று நினைத்து எழுதவில்லை. இன்று பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடை எப்படி மூச்சுவிட்டது என்று அறிய வேண்டுமானால் அந்த நாட்குறிப்புக்குத்தான் போகிறோம்.

உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940 தொடக்கத்திலிருந்து ஆனந்த விகடனில் வாரா வாரம் வந்தது. அவருக்கு அப்போது எண்பத்தைந்து வயது. 1942இல் அவர் இறந்தபோது நூல் முடியவில்லை. வாரத் தவணை அந்த நூலைக் கெடுத்ததா? கிழமை தோறும் அத்தியாயம் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல், மனம் கனியட்டும் என்று அந்தக் கிழவர் காத்திருந்திருந்தால், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடம் சொன்ன அந்தத் திண்ணைகளை நாம் பார்த்திருக்கவே மாட்டோம்.

எதிர்த்தரப்பு இங்கே வாரத் தொடர்கதைகளைத் தூக்கிக் காட்டும். தவணைக்காக இழுத்த கதைகள் எத்தனை எத்தனை என்று கேட்கும். நியாயமான கேள்வி. தொடர்கதை கெட்டுப்போவது வாசகர் எண்ணிக்கைக்காகச் சம்பவத்தை இழுத்ததால். நேரத்துக்கு உட்கார்ந்ததால் அல்ல. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. மோசமான கதைகள் ஆவேசத்திலும் எழுதப்படுகின்றன; அவற்றைப் பார்த்து யாரும் ஆவேசத்தைக் குறை சொல்வதில்லை.

ஆங்கில நாவலாசிரியர் அந்தனி ட்ரோலப்பின் கதி இந்த வாதத்தின் முழு மனோபாவத்தையும் காட்டிவிடுகிறது. தபால் திணைக்கள உத்தியோகத்தர். விடிய ஐந்தரைக்கு மேசைக்கு வருவார். மணிக்கூட்டை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் என்று எழுதுவார். தன்னை எழுப்பிக் கோப்பி தருவதற்காக வீட்டுக் குதிரைக்காரக் கிழவருக்கு வருடத்துக்கு ஐந்து பவுண் மேலதிகமாகக் கொடுத்தார். நாற்பத்தேழு நாவல் எழுதினார். இந்த முறையை அவரே தன் சுயசரிதையில் ஒளிக்காமல் சொன்னார். நூல் அவர் இறந்த பிறகு 1883இல் வெளிவந்ததும் அவர் மதிப்பு சரிந்தது. நாவல்களில் ஒரு சொல்லும் மாறவில்லை. நேற்றுவரை ரசித்து வாசித்தவர்கள் அவை எழுதப்பட்ட முறையைக் கேட்டதும் முகம் சுளித்தார்கள். அவர்களுடைய தீர்ப்பு எழுத்தைப் பற்றியதாக இருக்கவில்லை. எழுத்தாளனைப் பற்றிய ஒரு கனவு கலைந்த கோபம் அது. நம் மேடைகளிலும் அதே கனவுதான்.

ஆய்வு வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. ராபர்ட் போய்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் பல்கலைக்கழக ஆசிரியர்கள் 27 பேரை மூன்றாகப் பிரித்தார். ஒரு பிரிவு தினமும் கட்டாயம் எழுத வேண்டும். இன்னொரு பிரிவு மனம் வந்தால் எழுதலாம். மூன்றாவது பிரிவு அவசரமில்லாத எழுத்தைத் தள்ளிவைக்க வேண்டும். 1983இல் முடிவு வெளியானது. கட்டாயமாக எழுதியவர்கள் அதிகப் பக்கம் எழுதியதில் வியப்பில்லை. புதிய எண்ணங்கள் அதிகம் தோன்றியதும் அவர்களுக்கே. மனம் வந்தபோது எழுதியவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. சிறிய ஆய்வு, கவிஞர்களைப் பற்றியதும் அல்ல. ஆனால் காத்திருந்தால்தான் புதியது தோன்றும் என்று சொல்கிறவர்கள் இதுவரை இவ்வளவுகூட ஆதாரம் காட்டவில்லை.

4. துயரம் தானாக எழுதுமா?

இதுதான் அவர்களுடைய மிகக் கனமான வாதம். இதை அவசரமாகத் தாண்டிப் போக முடியாது.

2004 டிசம்பர் 26 காலையில் கடல் இந்தக் கரை நெடுகிலும் ஏறியது. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, நகரக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே வருடம் ஆகஸ்டில் மூதூர் சனம் ஷெல்லுக்குள்ளால் நடந்து வெளியேறியது. அதற்கு முன்னால் 1983, 1985, 1990 வன்முறைகள். துயரம் தானாக எழுதும் என்றால் இந்த மாவட்டத்து வாசிகசாலைகளில் அலுமாரி போதாமல் இருந்திருக்க வேண்டும். இருக்கிறதா? ஒவ்வொரு தெருவிலும் சொல்லப்படாத ஒரு கதை உண்டு. அதற்குரியவர் அதைச் சொல்லாமலே வயதாகிப் போகிறார். துயரம் எழுதுவதில்லை. பெரும்பாலும் அது கையைக் கட்டிப்போடுகிறது. எழுதியவர்கள் துயரத்தை மீறி எழுதினார்கள்.

சு. வில்வரத்தினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புங்குடுதீவில் பிறந்து திருகோணமலையில் வாழ்ந்து 2006இல் மறைந்தவர். தீவு வெறிச்சோடிய வலி ஒரே இரவில் கவிதையாகக் கொட்டியிருந்தால் ஒரு தொகுப்போடு முடிந்திருக்கும். 1985இல் ‘அகங்களும் முகங்களும்’, 1995இல் ‘காற்றுவெளிக் கிராமம்’, 2001இல் எல்லாம் சேர்ந்த ‘உயிர்த்தெழும் காலத்திற்காக’ என்று வருடக்கணக்காக அந்த வலியோடு உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார். வாய்விட்டுப் பாடக்கூடிய கவிஞர் அவர். ஓசை பிடிபடும் வரை ஒரு வரியை நாவில் புரட்டிப் பார்க்கிறவருக்குத்தான் அப்படிப் பாட வரும்.

எழுதும் பழக்கத்தில் மகிழ்ச்சி உண்டு என்று நான் சொல்லும்போது அந்தச் சொல் இங்கே உறுத்துகிறது என்பது எனக்குத் தெரியும். செத்தவர்களைப் பற்றி எழுதுவதில் என்ன மகிழ்ச்சி என்று கேட்பார்கள். ஒப்பாரி சொல்லும் கிழவிகளைக் கேட்டிருக்கிறீர்களா? கண்ணீர் நிற்காது, ஆனால் எதுகை தவறாது. செத்தவரின் குணத்துக்குப் பொருத்தமான ஓர் உவமை வந்து விழுந்ததும் அந்தக் குரல் ஒரு படி உயரும், சுற்றி இருப்பவர்கள் ‘ஓம்’ என்று தலையசைப்பார்கள். நன்றாக ஒப்பாரி சொல்பவளை ஊர் அறியும்; செத்த வீட்டுக்கு அவள் வந்தாளா என்று கேட்கும். அவளுடைய துக்கம் பொய்யா? இல்லை. துக்கத்தைச் சொல்லாக வடிக்கும் வேலையில் ஒரு நிறைவு இருக்கிறது, அந்த நிறைவுதான் அவளை அடுத்த வரிக்குக் கொண்டுபோகிறது. எழுத்து மகிழ்ச்சி என்று நான் சொல்வது இதைத்தான். எழுதும் பொருளில் மகிழ்ச்சி தேடச் சொல்லவில்லை. எழுதும் வேலையில் இருக்கிறது அது.

நேர ஒழுங்கு துயரத்துக்குக் காவலாகவும் நிற்கிறது. ஜேம்ஸ் பென்னிபேக்கரும் அவருடைய மாணவி ஒருவரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களைத் தம் வாழ்வின் மிகக் கொடிய அனுபவத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நாளுக்குப் பதினைந்து நிமிடம், நான்கு நாள். எழுதிய கையோடு மனம் கனத்தது. பின்வந்த மாதங்களில் அவர்கள் வைத்தியரிடம் போவது குறைந்தது. எழுத்து மருந்து என்று சொல்ல நான் இதைக் கொண்டுவரவில்லை. அந்தப் பதினைந்து நிமிடத்தைப் பாருங்கள். கடலில் பிள்ளையைக் கொடுத்த தாயிடம் “எழுத்து வரும்போது எழுது” என்றால் அவள் அந்தப் பக்கமே போக மாட்டாள். ஒருமுறை இறங்கினால் கரையேறுவது எப்போது என்று அவளுக்குத் தெரியாது. கால் மணி, பிறகு கொப்பியை மூடிவைத்து உலையை வைக்கலாம் என்றால் அவளால் இறங்க முடியும். முடிவு நேரம் தெரிந்த வேலையில்தான் பயந்தவர்கள் கைவைப்பார்கள்.

5. யாருக்கு நேரம் இருக்கிறது?

உழைக்கிறவனுக்கு ஒழுங்கு கட்டுபடியாகாது என்கிறார்கள். தலைகீழான கணக்கு. கட்டுபடியாகாதது காத்திருப்புதான். மனம் வரும் நேரம் எது என்று யாருக்கும் தெரியாது. அது வரும்போது கையில் வேலை இல்லாதவரே எழுத முடியும். பிரீமா ஆலையில் வேலை முறைக்குப் போகிறவருக்கு அது வேலை நேரத்தில் வந்தால்? மத்தியானச் சமையலுக்கு நடுவே வந்தால்? மேடையில் இந்தக் கருத்தைச் சொல்பவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள், அவர்களுக்கு மனம் வரும்போது தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பிள்ளைகளை அமர்த்த வீட்டில் ஒருவர் இருந்தார். அந்த ஒருவருக்கு எழுத வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மேடையில் யாரும் கேட்பதில்லை. நான்காவது வாதத்தை அநியாயம் என்று சொன்னது இதனால்தான். உழைப்பாளியின் பெயரைச் சொல்லிக்கொண்டு உழைப்பாளிக்கு இருக்கும் ஒரே வழியை அது அடைக்கிறது.

பாலையூற்றில் தையல் வேலை செய்யும் ஒரு பெண்ணின் கொப்பியை நான் பார்த்திருக்கிறேன். முன்பக்கத்திலிருந்து அளவுகள்: சட்டைக்கு, பாவாடைக்கு, பாடசாலைச் சீருடைக்கு, பெயரோடும் திகதியோடும், வாங்கிய முற்பணத்தோடும். கொப்பியைத் திருப்பிப் பிடித்தால் கடைசிப் பக்கத்திலிருந்து கதை. பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் முதல் ஆள் துணி கொண்டு வருவதற்கு முன்பு ஒரு கோப்பைத் தேத்தண்ணி குடித்து முடியும் வரை எழுதுவாராம். பல பக்கங்களில் கோப்பை வைத்த வட்டம் இருந்தது. கிண்ணியாவுக்குப் பாலம் வராத காலத்தில் துறையில் பாதைப் படகுக்குக் காத்து நின்ற தன் அம்மம்மாவைப் பற்றி எழுதியிருந்தார். பாதை கரை தட்டும்போது இரும்பில் மரம் உராயும் சத்தம் ஒரு முழுப் பக்கத்துக்கு வருகிறது. அந்தப் பாலம் 2009இல் திறந்தாயிற்று. அந்தச் சத்தம் இனி அந்தக் கொப்பியில் மட்டும்தான். “மூட் வந்தால்தான் எழுதவேணும் எண்டு சொல்லுறாங்க. எனக்கு அந்த நேரம்தான் கிடைக்குது. அதுக்குள்ள வந்தா வரட்டும்” என்றார். அவரை அழைத்துப் பேசவைக்க இந்த ஊரில் இன்னும் ஒரு மேடை அமையவில்லை.

நம் மாவட்டத்து இலக்கியத்தை உண்மையில் எழுதியவர்கள் யார் என்று பாருங்கள். தி. த. சரவணமுத்துப்பிள்ளை சென்னையில் சுவடி நூலக உத்தியோகத்தில் இருந்தவர். 1895இல் ‘மோகனாங்கி’ என்ற வரலாற்று நாவலைத் தமிழுக்குத் தந்தார். 1902இல் இறந்தபோது அவருக்கு நாற்பது வயதாகவில்லை. மூதூர் வ. அ. இராசரத்தினம் பள்ளிக்கூட வாத்தியார். ‘தோணி’ தொகுப்புக்கு 1962இல் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றார். ‘கொழுகொம்பு’, ‘துறைக்காரன்’, ‘கிரௌஞ்சப் பறவைகள்’ என்று அரை நூற்றாண்டு எழுதினார். கொட்டியாரக் குடாவின் மீனவரும் வயலும் அவரிடம் இருப்பதுபோல் வேறெங்கும் இல்லை. ந. பாலேஸ்வரி ஆசிரியை. அவருடைய ‘சுடர் விளக்கு’ 1966இல் நூலாக வந்தபோது ஈழத்தில் நாவலை நூலாகக் கண்ட பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். வேலை, வீடு, திருத்த வேண்டிய கொப்பிக்கட்டு, இவற்றுக்கு நடுவே எழுதினார்கள். ஓய்வுள்ள வர்க்கம் இவர்களில் எவரும் இல்லை. யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா சலூனில் வேலை செய்தபடி 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கி நாற்பத்தைந்து வருடத்துக்கும் மேல் நடத்தியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

6. ஒழுங்கு என்றால் தண்டனை என்று யார் சொன்னது?

எதிர்த்தரப்பின் கையில் உண்மையின் ஒரு துண்டு இருக்கிறது. பிரம்போடு நிற்கும் ஒழுங்கு எழுத்தைக் கொல்லும். தினமும் ஆயிரம் சொல் என்று சபதம் எடுத்து, மூன்றாம் நாள் தவறி, ஐந்தாம் நாள் வெட்கப்பட்டு, பத்தாம் நாள் கொப்பியைப் பெட்டிக்குள் போட்டவர்கள் ஏராளம். அவர்களுடைய தோல்வியைக் காட்டி ஒழுங்கே வீண் என்கிறோம். தோற்றது சபதம்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைத் தொடர்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் பழக்கமாகச் சராசரி 66 நாள் எடுத்தது. சிலருக்கு 18, சிலருக்கு 254 என்ற கணக்கும் வந்தது. இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுப்போகவில்லை. ஆகவே தவறிய நாளுக்கு வட்டி கட்ட வேண்டியதில்லை. அடுத்த நாள் உட்கார்ந்தால் சரி.

ஒழுங்கை இன்பமாக்கும் வழிகள் எளியவை, கைக்கு எட்டுபவை. அரைப் பக்கம் போதும். இன்னும் கொஞ்சம் எழுதலாம் என்று இருக்கும்போதே நிறுத்திவிட்டால் நாளை கொப்பியே கூப்பிடும். அன்று எழுதியதை அன்றே திரும்ப வாசித்துத் தன்னைத் திட்டிக்கொள்ளக்கூடாது. திருத்தத்துக்கு வேறு நாள் வைக்கலாம். எல்லா நாளும் ‘இலக்கியம்’ எழுத வேண்டியதில்லை. விடியப்புறம் கரையில் மீன் ஏலம் கூறுகிறவர் தொகையைச் சொல்லும் வேகத்தை எழுதிப் பாருங்கள். செத்துப்போன சிநேகிதனுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கச்சான் வீசும் நாளில் முற்றத்தில் எது எது அசைகிறது என்று எழுதுங்கள். எழுத எதுவும் இல்லாத நாளில் பிடித்த ஆசிரியரின் ஒரு பக்கத்தைப் பார்த்து எழுதுங்கள், கை பழகும். 2022 மார்ச் முடிவில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரம் வரை போனபோது, மெழுகுதிரி விலை ஏறிய அந்த நாட்களில்கூட, பகல் வெளிச்சத்தில் அரைப் பக்கம் எழுத முடிந்தது. பெரிய திட்டங்கள் எல்லாம் அப்போது உடைந்தன, சிறியவை தப்பின.

இன்பத்துக்குக் கேட்பவரும் வேண்டும். கொழும்பில் வலம்புரி கவிதா வட்டம் போயா தினங்களில் கவியரங்கு நடத்தி வந்திருக்கிறது. நாள் முன்கூட்டியே தெரியும், நிலவு தவணை தவறுவதில்லை. அதற்காகக் கவிதை எழுதிக்கொண்டு போனவர்களில் எத்தனை பேர் கவிஞரானார்கள்! நம் ஊரிலிருந்தே எஸ். ஆர். தனபாலசிங்கம் 2007இல் ‘நீங்களும் எழுதலாம்’ என்ற கவிதை இதழைத் தொடங்கினார். போர் உச்சத்தில் இருந்த காலம். அனுப்ப ஓர் இடமும் அதற்கொரு காலமும் இருந்ததால் புதியவர்கள் எழுதினார்கள். அருள் வந்தவர்கள் மட்டும் எழுதினால் போதும் என்று அவர் நினைத்திருந்தால் அந்த இதழ் பிறந்தே இருக்காது. மேடையில் காத்திருக்கச் சொல்கிறவர்கள் சிலரின் முதல் கவிதைகள்கூட இப்படி ஏதோ ஒரு சிற்றிதழின் தவணைக்காக எழுதப்பட்டவைதாம்.

7. இந்தக் கருத்தால் இழப்பது என்ன?

சுனாமியின்போது அறுபது வயதாக இருந்தவருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. மூதூருக்கு லாஞ்சியில் போய் வந்த காலம், பழைய கரைவலைப் பாட்டுகள், 1990இல் முகாமுக்கு ஓடிய பாதை, சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளின் அடியில் விளையாடிய பிள்ளைப் பருவம், எல்லாம் இன்னும் சிலரின் நினைவில் மட்டும் இருக்கின்றன. மனம் கனியும்வரை பொறுக்க அவர்களுக்குக் காலம் இல்லை. பேரப்பிள்ளை ஒன்று தினமும் பத்து நிமிடம் பக்கத்தில் இருந்து கேட்டு எழுதினால் ஒரு வருடத்தில் ஒரு புத்தகம் இருக்கும்.

அந்தப் பேரப்பிள்ளைக்கு எழுதும் பழக்கம் எங்கிருந்து வரும்? பாடசாலையிலிருந்து வரவேண்டும், வருவதில்லை. க.பொ.த. சாதாரண தரத்துக்குக் கட்டுரை பாடமாக்கப்படுகிறது. ரியூசனில் கொடுத்த ‘நான் ஒரு பழைய குடை’யை அப்படியே ஒப்புவிக்கும் பிள்ளை புள்ளி எடுக்கிறது, சொந்தமாக எழுதிய பிள்ளைக்குச் சிவப்புக் கோடு கிடைக்கிறது. எழுத்து பரீட்சையில் பயமாகவும் மேடையில் அதிசயமாகவும் மட்டும் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. நடுவில் இருக்கும் அன்றாட வேலையை அவர்கள் கண்டதே இல்லை. தமிழ்ப் பாடவேளையின் முதல் பத்து நிமிடத்தைப் புள்ளியில்லாத எழுத்துக்கு விடச் சொல்லி ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஆசிரியர் வாசிக்கக்கூடாது, திருத்தக்கூடாது, தானும் பிள்ளைகளோடு இருந்து எழுத வேண்டும். பாடத்திட்டம் முடியாது என்று பதில் சொல்கிறார்கள். பத்து நிமிடம்தான் கேட்கிறேன். மிச்ச நேரத்தில் இலக்கணம் நடத்தலாம், செய்யுளும் நடத்தலாம்.